டெல்மிராவின் மூச்சுக் கோப்பை

இடது உள்ளங்கை ஆமையின் தொண்டையில். வலது கையில் கத்தி. டெல்மிரா கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். பலகைமேல் மல்லாந்து கிடக்கும் பச்சை ஆமை மூச்சு விடவில்லை. அவளும் விடவில்லை. கொட்டகைக்கு வெளியே கறிக்காக வாளியோடு காத்திருக்கும் பெண்கள் காலை மாற்றி மாற்றி நிற்கிறார்கள். விடிந்தும் விடியாத கடல், பனிமூட்டத்துக்குள்ளிருந்து மெல்ல வந்து கரையைத் தொட்டுவிட்டு, எதையோ மறந்தது போலத் திரும்பிப் போகிறது.

"ஏ டெல்மிரா, அது மூச்சு விடறதுக்குள்ள எம் புருஷன் கெழவனாயிடுவான்!"

"அவன் எப்பவோ ஆயிட்டான். நீதான் இன்னும் கவனிக்கல," என்கிறாள் கண்ணைத் திறக்காமலே.

சிரிப்பு அடங்குகிறது.  பிறகு அது நடக்கிறது. ஆமையின் தொண்டைத் தோல் தளர்ந்து, வேலை முடிந்து வந்தவன் பாயில் சாய்கிற மாதிரி ஒரு பெருமூச்சு வெளியே வருகிறது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே நீளமாய் ஓர் இழுப்பு உள்ளே போகிறது. "வாங்கிருச்சு," என்கிறாள் டெல்மிரா. கத்தி இறங்குகிறது.

மூச்சு வாங்காத ஆமையை அவள் வெட்டமாட்டாள். மூச்சடக்கிக் கிடக்கும்போது இரத்தம் உறங்குகிறது, கறுத்துப்போய் வெல்லப்பாகு மாதிரி இருக்கும் என்பது அவள் கணக்கு. மூச்சு வாங்கிய கையோடு அது பூக்கும். செம்பருத்தி நிறத்தில் சூடேறிக்கொண்டு வரும். பூத்த இரத்தத்தின் முதல் பீச்சு, விளிம்பு உடைந்த ஒரு நீல எனாமல் கோப்பைக்கு. மிச்சம் மணலுக்கு. கறி வாளிகளுக்கு.

எங்கள் மிஸ்கிட்டோக் கரையில், பில்விப் பட்டணத்துக்கு வடக்கே, ஆமை வெட்டத் தெரிந்தவர்கள் பலர். தெரியும் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் அதைவிடப் பலர். டெல்மிரா லாக்வுட் இரண்டு வகையிலும் முதல் ஆள். வயதைக் கேட்டால், "விழுந்த பல்லை எண்ணிக்கோ, மிச்சத்தைக் கணக்குப் போட்டுக்கோ" என்பாள். விழுந்த பல் ஒன்றின் இடத்தில் தங்கம் இருக்கிறது. சிரிக்கும்போது அந்தப் பக்கமாகத்தான் சிரிப்பாள். தலையில் ஆண்கள் போடும் தொப்பி. காலில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ்; அதைக் கோயிலுக்கு மட்டும் கழற்றுவாள், அதுவும் பாஸ்டர் பார்க்கிறார் என்பதற்காக.

அவள் வீட்டுக்குத் தகரக் கூரை. ஒவ்வொரு தூணும் ஒவ்வொரு வருஷத்து ஆமைக்கறிக் காசு. "கீழ மண்ணு, மேல வானம், நடுவுல நானு. அப்படித்தான் ஆரம்பிச்சேன்" என்று புதிதாக வருகிற எல்லோரிடமும் தூணைத் தட்டிக்காட்டிச் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பு. அதற்குமேல் வாத்தியாருக்குத் தெரியவில்லை என்று நிறுத்திவிட்டாளாம். பள்ளிக்கூடம் போய்க் கெட்டவர்கள் உண்டு, போகாமல் கெட்டவர்களும் உண்டு. கையை நம்பினவர்கள் கெட்டதாக இந்தக் கரையில் யாரும் சொன்னதில்லை.

வெட்டி முடித்தபின் ஆமையின் இதயத்தை எடுத்து ஓர் ஈயச் சட்டியில் வைப்பது அவள் வழக்கம். அது அங்கேயே அடித்துக்கொண்டிருக்கும். டெல்மிரா கையைக் கழுவி, காப்பி வைத்து, தேங்காய்ப்பால் ரொட்டியைத் தொட்டுத் தின்று முடிக்கும்வரைக்கும், அதற்குப் பிறகும்கூட, யாருமில்லாத வீட்டில் கதவைத் தட்டுகிறவன்போலத் தட்டிக்கொண்டே இருக்கும். பார்க்கிறவர்கள் முகம் சுளித்தால், "அதுக்கு இன்னும் சேதி போய்ச் சேரல. அவசரப்படாதீங்க" என்பாள். சில நாள் காப்பிக் குவளையோடு அதன் பக்கத்தில் உட்கார்ந்து, அது நிற்கும்வரை கடலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் அவளிடம் யாரும் கறி கேட்பதில்லை.

நீலக் கோப்பைக்கு வருவோம். அதற்குத்தான் அவள் பெயர்பெற்றவள்.

சிங்கி இறால் பருவம் திறக்கும்போது முக்குளிக்கப் போகிற ஆண்கள் எல்லோரும் படகேறுவதற்கு முன் டெல்மிராவின் கொட்டகைக்கு வருவார்கள். பூத்த இரத்தம், அரை மூடி எலுமிச்சை, ஒரு மூடி ரம். நின்றபடியே குடிக்க வேண்டும். ஒரு காசு வாங்கமாட்டாள். ஆமை ஒரே மூச்சை இழுத்துக்கொண்டு போய்க் கடலடிப் புல்லில் மணிக்கணக்காய்க் கிடக்கிறதே, அந்த மூச்சு எங்கே இருக்கிறது? இரத்தத்தில். இரத்தம் உள்ளே போனால்? மூச்சு உள்ளே போகிறது. இதில் விளக்க என்ன இருக்கிறது என்பது போல எங்கள் கரை முழுக்க அதை நம்பியது.

"எங் கோப்பைய குடிச்சவன் ஒருத்தனாச்சும் தண்ணிக்கடியில மூச்சு முட்டிச் செத்திருக்கானா? போய்க் கேளு. கல்லறைத் தோட்டத்துலயே போய்க் கேளு!"

அது உண்மைதான். மூச்சு முட்டி யாரும் சாகவில்லை. ஆனால் வேறொன்று நடந்தது. நல்ல காலோடு படகேறிப் போனவர்களில் சிலர், இடுப்புக்குக் கீழே மரமாகித் துணித் தொட்டிலில் தூக்கி வரப்பட்டார்கள். அது லிவாவின் கணக்கு என்று எல்லோருக்கும் தெரியும். கடலடியில் கூந்தலை விரித்து உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண், தன் சிங்கிகளை அளவுக்குமேல் அள்ளுகிறவனை இடுப்பில் ஒரு தட்டுத் தட்டுவாள். டெல்மிராவின் தம்பி பாசிலியோவையும் அப்படித்தான் தட்டினாள். அவன் இப்போது கொட்டகையின் ஓரம் வலையூஞ்சலில் கிடந்தபடி வீச்சுவலை பின்னுகிறான். ஊன்றுகோல்கள் இரண்டும் அவன் தலைமாட்டில் சாய்ந்திருக்கும். வாய் மட்டும் ஓய்வதில்லை.

"அக்கா, உங் கோப்பை மூச்சுக்குத்தான். காலுக்கு வேற கோப்பை வச்சிருக்கியா?"

"உனக்கு வாய்க்கு ஒரு கோப்பை வைக்கணும். மூடி போட்டு."

இந்த நிலையில்தான் இவானியா வந்தாள். புளூஃபீல்ட்ஸ் நகரத்தில் படித்த பெண். ஆமைகளின் உடல்நிலையைப் பார்த்து எழுதும் வேலை. வெட்டுவதற்கு முன் ஓட்டின் நீளத்தை அளப்பாள், கழுத்தில் ஊசி போட்டு ஒரு துளி இரத்தம் எடுப்பாள். தேவாலயத்துக்குப் பின்னால் ஓர் அறையில் தங்கியிருந்தாள். டெல்மிராவுக்கு அவளைப் பிடித்துவிட்டது. ஏனென்றால் அவளும் ஊசியை வைத்துக்கொண்டு ஆமை மூச்சு வாங்கும்வரை காத்திருந்தாள்.

ஒருநாள் இவானியா தன் மைக்ராஸ்கோப்பைக் கொட்டகைக்கே தூக்கி வந்து, தகரப் பெட்டிமேல் வைத்தாள். கண்ணாடிச் சில்லில் ஆமை இரத்தத்தை இழுவினாள். "பாருங்க, மிஸ் டெல்மிரா."

டெல்மிரா தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஒரு கண்ணை வைத்தாள். வைத்த கண்ணை எடுக்கவில்லை. 

விடியற்காலைக் காயல் மாதிரி வெளிறிய ஒரு நீர்ப்பரப்பு. அதில் தோணிகள். நீள்வட்டமாய், இரு முனையும் வளைந்து, மங்கிய சிவப்பில், ஒன்றோடொன்று உரசாமல் மிதக்கின்றன. ஒவ்வொரு தோணியின் நடுவிலும் கறுப்பாக ஒருவன் குந்தியிருக்கிறான்.

"தோணி," என்றாள் மெதுவாக. "தோணிக்காரனும் இருக்கான்."

"ஆமா. மூச்சைச் சுமக்கிற தோணிங்க இதுதான்," என்றாள் இவானியா. "உங்க விரலக் குடுங்க." டெல்மிராவின் சுட்டுவிரலில் ஊசியால் தொட்டு, அந்தத் துளியை வேறொரு சில்லில் இழுவி வைத்தாள்.

டெல்மிரா பார்த்தாள். சின்னச் சின்ன வட்டங்கள். எண்ணிக்கை அதிகம், நடுவில் குழிந்து, உள்ளே யாருமில்லாமல், காற்றடித்த பக்கம் போகிற காலித் தோணிகள்.

"இது யாரோடது?"

"உங்களோடது."

"என்னோடதுல ஆளக் காணோம்!"

வலையூஞ்சலிலிருந்து பாசிலியோ சிரித்த சிரிப்பில் ஊன்றுகோல் ஒன்று சரிந்து விழுந்தது. "நாந்தான் சொன்னேனே, உள்ள ஒன்னும் இல்லன்னு!"

"ஆள இறக்கிவிட்டுட்டதாலதான் மனுஷன் தோணியில கூடச் சரக்கு ஏத்த முடியுது," என்றாள் இவானியா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "சின்னத் தோணி, நிறையத் தோணி, வேகமாப் போகுது, வேகமா இறக்குது. ஆமையோடது பெரிய தோணி. எண்ணிக்கை கம்மி. அதுக்கு அவசரம் கிடையாது. நெஞ்சுல இருக்கிற மூச்சுப் பைதான் கிடங்கு. அங்க ஏத்திக்கிட்டுப் போயி, கஞ்சன் மாதிரிக் கொஞ்சங் கொஞ்சமா இறக்கும். எந்தப் பக்கம் உடம்பு ரொம்பத் தவிச்சுப் புளிச்சுப்போகுதோ, அந்தப் பக்கம் அதோட பிடி தளரும். அங்க இறக்கிட்டு வரும்."

டெல்மிராவுக்கு இது பிடித்தது. "தோணிக்காரன் இருக்கான்ல? அவனுக்குத் தெரியும் எங்க இறக்கணும்னு. பாத்தியாடா பாசிலியோ, நான் சொல்லல? மூச்சு இரத்தத்துலதான் இருக்கு. இந்தம்மா கண்ணாடி போட்டுப் பாத்துச் சொல்லுது, நான் கண்ண மூடிக்கிட்டே சொன்னேன்."

"இருக்கு. ஆனா கோப்பையில வராது, மிஸ் டெல்மிரா."

கொட்டகை கொஞ்சம் இருட்டியது போல இருந்தது.

"குடிச்சா வயித்துக்குத்தான் போகும். வயிறு தோணியெல்லாம் உடைச்சு விறகாக்கிடும். நல்ல சாப்பாடு, அவ்வளவுதான். மூச்சா மாறாது."

"அதச் சொல்லு!" என்றான் பாசிலியோ. "பன்னி இரத்தத்துல மொரோங்கா செஞ்சு ஊரே திங்குது. எவனாச்சும் உறுமினானா?"

டெல்மிரா அவனைப் பார்க்கவில்லை. "அப்ப எம் பிள்ளைங்க யாரும் மூச்சு முட்டிச் சாகலையே. அது எப்படி?"

"அவங்க முதுகுல காத்துச் சிலிண்டர் இருக்கே. மூச்சுக்கு அவங்களுக்குப் பஞ்சமே இல்ல. அதுதான் ஆபத்து." இவானியா பேச்சை நிறுத்தி, சரியான சொல்லைத் தேடினாள். "ஆமை ஒரே ஒரு மூச்சோட போகுது. மனுஷன் கீழ போயும் வாங்கிக்கிட்டே இருக்கான். அழுத்தத்துல அந்தக் காத்து இரத்தத்துக்குள்ள கரைஞ்சு தங்கிடுது. மெதுவா ஏறினா மெதுவா வெளியேறும். சட்டுனு மேல வந்தா, குலுக்கின சோடா பாட்டிலத் தொறந்த மாதிரி உள்ளுக்குள்ளயே நுரைச்சிடும். முதுகுத் தண்டுல நுரைச்சா, காலு போச்சு."

வலை பின்னும் ஊசி நின்றுவிட்டது. "அப்ப லிவா இல்லையா?" என்று கேட்டான் பாசிலியோ. அவன் குரலில் விளையாட்டு இல்லை.

"லிவா இருக்காளான்னு எனக்குத் தெரியாதுண்ணே. நுரை இருக்கு."

கடல் ஒருமுறை வந்து போனது. பாசிலியோ கூரையைப் பார்த்தபடி, யாரிடமும் இல்லாதது போலச் சொன்னான்: "எனக்குத் தோணி தள்ளினவன் அன்னிக்குச் சொல்லித்தான் அனுப்பினான், பாத்து ஏறி வாடான்னு. கோப்பை உள்ள இருக்குறப்போ மெதுவா வரணும்னு யாருக்குத் தோணும்? தக்கை மாதிரி வந்தேன். நான் பாதி ஆமையில்ல?"

டெல்மிரா கத்தியை எடுத்துக் கழுவினாள். ஏற்கெனவே கழுவிய கத்தி. "காலையிலிருந்து பேச்சு. ஈ மொய்க்குது," என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

சிங்கிப் பருவம் திறக்க இன்னும் சில நாள்தான் இருந்தது. அந்த வருஷம் அவள் மருமகன் நோர்வின் முதல் தடவையாக ஆழத்துக்குப் போகிறான். கிட்டத்துப் பாறைகளில் சிங்கி தீர்ந்துவிட்டது. மகள் யாமிலெத்துக்கு எட்டாம் மாதம். பிறப்பதற்குள் ஒரு அறையாவது கட்டிவிடவேண்டும் என்று நோர்வின் துடித்துக்கொண்டிருந்தான். "எம் மாமியாரே டெல்மிராதான்! கோப்பை கொஞ்சம் பெருசா ஊத்தினாங்கன்னா, மத்தவன் விட்டுட்டு வர்ற கடைசிச் சிலிண்டரையும் நானே முடிப்பேன்" என்று கடைத்தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தான். கேட்டவர்கள் டெல்மிராவிடம் வந்து சொன்னபோது, முன்பாயிருந்தால் தங்கப்பல் தெரிந்திருக்கும்.

மறுநாள் மத்தியானம் வெயிலில் கண் அசந்தாள். கனவில் அதே வெளிறிய காயல். அவள் மரத்துறையின் நுனியில் நிற்கிறாள். பனிக்குள்ளிருந்து தோணிகள் வருகின்றன, சிவப்பாய், வட்டமாய், சத்தமில்லாமல். ஒவ்வொன்றாகத் துறையில் வந்து முட்டுகின்றன. குனிந்து பார்க்கிறாள், ஆளில்லை. அடுத்ததிலும் ஆளில்லை. துடுப்பு மட்டும் கிடக்கிறது, பிடி ஈரமாக. தோணிகள் வந்துகொண்டே இருக்கின்றன. துறை முழுக்க நிறைந்து, கடல் தெரியாமல், சிவந்து, மெதுவாக ஏறி இறங்குகின்றன. எங்கோ அடியில் ஒரு சட்டியில் எதுவோ தட்டிக்கொண்டிருக்கிறது. அவள் பெயர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறக்கிறாள். எந்தப் பெயர் என்று தெரியவில்லை.

எழுந்தபோது தலையணை நனைந்திருந்தது. வாயில் உப்பு.

ரொட்டி ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு இவானியாவின் அறைக்குப் போனாள். உட்காரவில்லை. சுவரைப் பார்த்துக் கேட்டாள்: "மெதுவான்னா, எவ்வளவு மெதுவா?"

இவானியா புரிந்துகொண்டாள், புரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவள் சொன்னதை டெல்மிரா தலையாட்டாமல் கேட்டாள். நடுவழியில் நிற்கணும். நின்னு நிதானமா வரணும். அதைவிட முக்கியம், ஆழத்துல கிடக்கிற நேரத்தையே குறைக்கணும். களைச்சபிறகு போகிற கடைசி முக்குளிப்புதான் ஆளைச் சாய்க்கும். எழுந்து வரும்போது டெல்மிரா வாசலில் நின்றாள். "இதெல்லாம் எனக்கு முன்னாடியே தெரியும். உனக்குத் தெரியுதான்னு பாத்தேன்," என்றாள்.

படகு புறப்படும் காலை. கொட்டகைக்கு வெளியே ஆண்கள் வரிசை, தோளில் துணிமூட்டையும் கையில் முகமூடியுமாக. நோர்வின் முன்னால் நின்றான். டெல்மிரா ஆமையின் தொண்டையில் கையை வைத்துக் கண்ணை மூடினாள். அன்று அவள் நின்ற நேரம் வழக்கத்தைவிட நீளம். ஆமை ஒருமுறை மூச்சு வாங்கியது, அவள் வெட்டவில்லை. வரிசை முணுமுணுத்தது. இரண்டாம் மூச்சுக்குத்தான் கத்தி இறங்கியது.

கோப்பையை நீட்டினாள். நோர்வின் கை நீட்டியதும் பின்னுக்கு இழுத்தாள்.

"இதுக்குப் பத்தியம் உண்டு, மாப்ளே."

"பத்தியமா? என்ன அத்தை புதுசா?"

"புதுசு உம் பொண்டாட்டி வயித்துல இருக்கு. இது பழசு. எங்கம்மா சொன்னது." குரலை வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி உயர்த்தினாள். "ஆமை மூச்சு அவசரக்காரன் உடம்புல தங்காது. குடிச்சவன் ஆமை மாதிரிதான் ஏறி வரணும். பாதி வழியில நில்லு. கோயில்ல இழவுக்குப் பாடுற நீளப் பாட்டு இருக்குல்ல, அத மனசுக்குள்ள பாடு. எல்லாச் சரணமும். முடிஞ்சாத்தான் மேல வரணும். பொழுது சாய ஆரம்பிச்சிட்டா கடைசிச் சிலிண்டரத் தொடக்கூடாது. அது ஆமையோட பங்கு. தொட்டா, குடிச்ச இரத்தம் உள்ளுக்குள்ள பொங்கும். நுரைச்சுப் பொங்கும். அப்புறம் லிவாவும் காப்பாத்தமாட்டா, நானும் காப்பாத்தமாட்டேன்."

"அந்த நீளப் பாட்டா?" என்றான் வரிசையில் ஒருவன். "பாஸ்டரே அதுல தூங்கிடுவாரே!"

"மேல வந்து தூங்கு. காலோட தூங்கு."

சிரித்தார்கள். நோர்வின் சிரிக்கவில்லை. புத்திசாலிப் பையன். இத்தனை வருஷமாய் இல்லாத பத்தியம் இன்று எங்கிருந்து வந்தது என்று நினைத்தானோ என்னவோ, மெல்லத் திரும்பி வலையூஞ்சலைப் பார்த்தான்.

"மாமா, உங்களுக்கு அத்தை இந்தப் பத்தியம் சொல்லலையா?"

வரிசை முழுக்கத் திரும்பியது. டெல்மிராவின் கையிலிருந்த கோப்பை அசையாமல் நின்றது. 

பாசிலியோ வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு முடிச்சை இறுக்கினான். பல்லால் நூலைக் கடித்தான்.

"சொன்னா," என்றான். "சொல்லித்தான் குடுத்தா. நாந்தான் கேக்கல."

டெல்மிரா தம்பியைப் பார்க்கவில்லை. கோப்பையை நோர்வின் கையில் திணித்தாள். அவன் குடித்தான். வரிசையில் ஒவ்வொருவனும் குடித்தான். ஒவ்வொருவனிடமும் பத்தியத்தைத் திரும்பச் சொல்லவைத்த பிறகே கோப்பையை விட்டாள். படகு போனபின், காப்பியை முதலில் பாசிலியோவுக்கு ஊற்றினாள். அவனுக்குப் பிடித்த மாதிரி, சர்க்கரை அதிகமாக. அவன் ஒரு வாய் குடித்துவிட்டு, "கசக்குது," என்றான். அவள் இன்னும் ஒரு கரண்டி போட்டாள்.

அதன்பின் விடியற்காலைகளில் கொட்டகையில் ஒரு புது வழக்கம் வந்தது. ஆமையின் தொண்டையில் கை, கண்மூடல், ஆனால் உதடு மட்டும் அசைந்துகொண்டிருக்கும். ஒரு சரணம், இரண்டு சரணம். ஆமை மூச்சு வாங்கிவிடும், பாட்டு முடிந்திருக்காது. முடியும்வரை நிற்பாள், பிறகு அடுத்த மூச்சுக்காக நிற்பாள்.

"இவ்வளவு நாளா ஆமைதான் லேட்டு. இப்ப ஆமையே இவளுக்காகக் காத்துக்கிட்டுக் கெடக்கு," என்றாள் வாளிக்காரி. டெல்மிராவின் உதடு பாட்டை விடாமல் அசைவது கண்டு, அவளே பயந்து வாளியைக் கீழே வைத்தாள். ஈயச் சட்டியில் இதயம் தட்டும்போதெல்லாம் டெல்மிரா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நிற்கும்வரை எழவில்லை.

படகு திரும்பிய நாளில் கடல் கண்ணாடியாகக் கிடந்தது. புகையைப் பார்த்ததுமே ஊர் மரத்துறைக்கு ஓடியது. யாமிலெத் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றாள். டெல்மிரா அவளுக்கு முன்னால், கறைபட்ட பூட்ஸோடு. முதலில் நான்கு பேர் ஒரு துணித் தொட்டிலைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். உள்ளே இருந்தவன் முகம் தெரியவில்லை. கால் தெரிந்தது, தூக்குகிறவர்கள் நடக்க நடக்க, யாருடையதோ மாதிரி ஆடியது. யாமிலெத் தாயின் தோளைப் பிடித்தாள். தொட்டில் பக்கத்தில் வந்தபோது தெரிந்தது, அது தெற்கே வேறு ஊர்ப் பையன், கோப்பைக்கு வராதவன். டெல்மிரா தொப்பியைக் கழற்றினாள். கோயிலில்கூட அவள் அதைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை.

ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள். டெல்மிரா காலைப் பார்த்தாள். கடைசியாகத்தான் நோர்வின். பலகையில் வெறுங்காலோடு, மெதுவாக, மிக மெதுவாக வந்தான். களைப்பா, வேறேதுமா என்று சொல்லமுடியாத மெதுநடை.

"அத்தை!" என்று அங்கிருந்தே கத்தினான். "உங்க பாட்டைப் பாடிப் பாடி நிக்கிறதுக்குள்ள மத்த ஊர்க்காரனுக்கெல்லாம் என்னவிட அதிகச் சிங்கி! ஒரு சுவருக்குத்தான் காசு. மூணு சுவருக்கு யாரு குடுப்பா?"

 அவன் பலகையை விட்டு மரத்துறையில் காலை வைக்கும்வரை டெல்மிரா பொறுத்தாள். ஓர் அடி முன்னே வந்தாள். ரப்பர் பூட்ஸைத் தூக்கி, தன் முழுப் பாரத்தையும் சேர்த்து, அவன் வலது காலின் கட்டைவிரல்மேல் வைத்தாள்.

"ஐயோ! அத்தை, வலிக்குது! வலிக்குது அத்தை!"

அவள் காலை எடுக்கவில்லை.